அவள் அலறிய படம்

சினிமாத் தியேட்டரில் உட்கார்ந்து கிரீச்சாரின் மனைவி வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அலறினாள். அதுவும் அவருடைய படத்துக்கு இல்லை, சகலையின் படத்துக்கு.

கிரீச்சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பேய்ப் படங்களுக்குச் சத்தம் கொடுப்பது அவர் தொழில். கதவு திறக்கிற சத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் ரெக்கார்டிங் தியேட்டரில் 'கிரீச் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சொல்லிச் சொல்லி நடுவிலிருந்த இடைவெளி தேய்ந்து கிரீச்சார் ஆகிவிட்டது. அவருடைய அறையில் எந்தச் சுவரோடும் சேராமல் வெறும் சட்டத்தில் மாட்டிய ஐந்து கதவுகள் நிற்கும். தரையைச் சதுரம் சதுரமாகத் தடுத்து ஒன்றில் மணல், ஒன்றில் சரளை, ஒன்றில் காய்ந்த இலை, ஒன்றில் உடைந்த ஓடு கொட்டி வைத்திருந்தார். எலும்பு முறிய வேண்டுமென்றால் ஈரத்துணியில் கேரட்டைச் சுற்றி முறிப்பார். திரையில் பேய் நடந்து வந்தால், நடப்பது இவருடைய கால்தான். அப்படிப் பதினோரு படத்தில் பதினோரு பேயாக நடந்திருக்கிறார்.

பதினோரு படத்தின் பிரிவியூவுக்கும் மனைவியைக் கையோடு கூட்டிப்போனார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த டாக்டர் கிறுக்கினாலும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற நிதானம். பக்கத்து இருக்கைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழும்புகிற இடத்தில் எல்லாம் அவள் சாய்ந்தே உட்கார்ந்திருப்பாள். "அந்தக் கதவுக்கு யாராவது ரெண்டு சொட்டு எண்ணெய் விடக்கூடாதா?" என்பாள். எலும்பு முறிகிற இடம் வந்தால், "கேரட் தீர்ந்துபோச்சுங்க, போகும்போது வாங்கணும்" என்று ஞாபகப்படுத்துவாள். ஊரே பயப்படுகிறது, இவள் ஒருத்தி பயப்படவில்லை என்பது அவருக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. ஏழாவது எட்டாவது படத்தில் குறையாகத் தோன்றியது. பதினோராவது படத்தில், திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டு முழுநேரமும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொட்டாவி விட்டாள்.

சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லா தெரியுதா, இது நல்லா தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்கிற மனுஷன். சினிமாவுக்கும் அவருக்கும் டிக்கெட் வாங்குகிற உறவுதான். அவருக்கு நாற்பது வயதில் திடீரென்று படம் எடுக்கும் ஆசை வந்தது. விடுமுறை நாட்களில், சொந்த வீட்டில், நாடகக்காரர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு பேய்ப் படம்.

அதற்கு முன்பு ஒருநாள் நோட்டும் பேனாவுமாக ரெக்கார்டிங் அறைக்கு வந்தார்.

"அண்ணா, உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பேய்ப்படம் எது? அது எதனால பயமுறுத்துது? கொஞ்சம் சொல்லுங்களேன்."

கிரீச்சாருக்கு அதைவிடப் பிடித்த கேள்வி உலகத்தில் இல்லை. ஒரு மணி நேரம் பேசினார். "பயம்ங்கிறது காதுலதான் இருக்கு தம்பி. கண்ணை இறுக்கி மூடிக்கலாம். காதை? விரலை விட்டு அடைச்சாலும் உள்ள வந்துரும்." சின்ன வயதில் பார்த்த ஒரு படத்தைச் சொன்னார். "அதுல மாடிப்படி மொத்தம் பன்னெண்டுதான். ஒருத்தன் ஏறி வர்றான். காலடி பதிமூணு கேக்கும். அவ்வளவுதான் தம்பி, ஒரு வாரம் நான் மாடிக்கே போகல."

சகலை எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நம்ம படத்துக்கு நீங்களே சத்தம் பண்ணிக் கொடுத்தா..."

"பேய் எப்படி வருது?"

"வரல அண்ணா."

"கதவு?"

"திறந்தேதான் இருக்கு."

கிரீச்சார் வயிறு குலுங்கச் சிரித்தார். சத்தங்களைக் கலந்து சேர்க்கிற மிக்சிங்காரரையும் கூப்பிட்டுச் சொல்லி அவரையும் சிரிக்கவைத்தார். "பேயே வராத பேய்ப்படத்துக்கு நான் எதுக்குத் தம்பி? நீங்களே வாயால பண்ணிக்கலாமே!"

சகலையும் கூடச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தின் பிரிவியூவில்தான் அவள் அலறியது. கிரீச்சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அவள் பிடித்தது அவர் கையை இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கையின் தோளைப் பிடித்தாள். தியேட்டர் முழுக்க 'ஐயோ' என்று ஒரு அலை எழுந்தது. அதில் அவளுடைய குரல் மட்டும் தனியாக, மேலே தெரிந்தது. எந்தச் சத்தத்தையும் பிரித்துக் கேட்கத் தெரிந்த காது அவருக்கு. அந்த நேரத்தில் அது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

கொடுமை என்னவென்றால், எதற்கு அலறினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்தவர் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் பார்ப்பது அவர் வழக்கம். சமையலறையில் ஒரு பெண் பேசுகிறாள். குழாய் சொட்டுகிறது. பக்கத்து அறையிலிருந்து ஒரு ஆண் 'உம்' கொட்டுகிறான். மறுபடி 'உம்'. இரண்டும் ஒரே 'உம்'. ஒன்றை எடுத்து வெட்டி ஒட்டியிருக்கிறான், சோம்பேறி என்று கணக்குப் போட்டு, நடுவில் வந்த பேச்சைக் கவனிக்காமல் இருந்தபோதுதான் மூன்றாவது 'உம்'மும் அலறலும் சேர்ந்து வந்தன.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டார். எல்லாரும் சகலையைச் சுற்றிக்கொண்டார்கள். "தம்பி, உயிரே போயிருச்சு போங்க!" என்று அவள் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சொன்னாள். கிரீச்சார் சகலையின் கையைக் குலுக்கி, "கேமரா நல்லாயிருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் நிலைகொள்ளவில்லை. குளிக்கப் போனவள் கதவைச் சாத்தாமல், "என்னங்க, இருக்கீங்களா?" என்றாள்.

"உம்."

"அப்படிச் சொல்லாதீங்க!" என்று உள்ளிருந்து கத்தினாள். "வாயைத் திறந்து பேசுங்க!"

கிரீச்சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினோரு படம். கிலோக்கணக்கில் கேரட். இவளைக் குளியலறைக் கதவைத் திறந்துவைக்கச் செய்ய அவரால் முடியவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஒரே 'உம்'மில் செய்துவிட்டார்.

மறுநாள் பகல் காட்சிக்கு யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போனார். படம் ரிலீஸாகி முதல் நாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனார், பாக்கெட்டில் சின்ன நோட்டும் வைத்திருந்தார். இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டே பக்கத்து அறையில் இருக்கிற புருஷனிடம் பேசுகிறாள். குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும் என்கிறாள். 'உம்' என்று வருகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்க்க வேண்டும் என்கிறாள். 'உம்' என்று வருகிறது. கேமரா மெதுவாக அடுத்த அறைப் பக்கம் திரும்புகிறது. நாற்காலியின் முதுகு மட்டும் தெரிகிறது. அப்போது வாசல் வழியாகப் புருஷன் நனைந்த குடையோடு உள்ளே வருகிறான். "யார்கிட்ட பேசிட்டிருக்க?" என்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. குழாய் சொட்டுகிறது. யாரும் எதுவும் கேட்காமலே, காலியான அந்த நாற்காலியிலிருந்து 'உம்'.

தியேட்டர் அலறியது. கிரீச்சார் அலறவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். புருஷன் கேட்ட கேள்விக்கும் கடைசி 'உம்'முக்கும் நடுவே பதினாலு வினாடி. சொட்டுச் சத்தத்தைத் தவிர ஒன்றுமே இல்லாத பதினாலு வினாடி. தன் கையில் கிடைத்திருந்தால் அதில் ஒரு நாயை ஊளையிட வைத்திருப்போம், ஜன்னலை அடிக்க வைத்திருப்போம், காற்றை அள்ளிக் கொட்டியிருப்போம் என்று நினைத்தார். கொட்டியிருந்தால் ஒருத்தரும் அலறியிருக்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அது தெரிந்ததுதான் தாங்கவில்லை. மோசமான படம் என்றால் மன்னித்திருப்பார்.

பின்வரிசையில் ஒரு பெண், "எங்க வீட்டுலயும் இப்படித்தான்டி" என்றாள். கூட வந்தவள் சிரிக்கவில்லை. நோட்டை எழுதாமலே மூடிக்கொண்டு வெளியே வந்தார் கிரீச்சார்.

படம் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்கு வருகிறவர்கள், "அது உங்க தங்கச்சி வீட்டுக்காரராமே!" என்று விசாரித்தார்கள். அவள் அதை வீட்டுக்கு வந்து சொன்னாள். ரெக்கார்டிங் தியேட்டரில் மிக்சிங்காரர், "கிரீச்சார், அந்தப் பதினாலு வினாடி இருக்கே!" என்று ஆரம்பித்தார். கிரீச்சார் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இந்தச் சமயம் பார்த்து வானொலியிலிருந்து கூப்பிட்டார்கள். 'எனக்குப் பிடித்த பேய்ப் படம்' என்று ஞாயிற்றுக்கிழமை மதிய நிகழ்ச்சி. துறையில் மூத்தவர் என்ற முறையில் இவர் முன்னதாகவே வந்து பேசிப் பதிவு செய்ய வேண்டும். போனார். பன்னிரண்டு படியையும் பதின்மூன்று காலடியையும் சொன்னார். பேட்டி எடுத்த பெண்ணுக்கே சிலிர்த்தது. பிறகு அவள், "இப்ப எல்லாரும் பேசற படத்தைப் பத்தி என்ன நினைக்கிறீங்க சார்?" என்றாள்.

ஒரு நிமிஷம் வாயை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. "பார்த்தேன். சத்தத்துல உழைப்பே இல்லம்மா. ஒரே 'உம்'மை மூணு இடத்துல வெட்டி ஒட்டியிருக்காங்க. அதுவும் உயிரே இல்லாத குரல், அக்கறையே இல்லாத குரல். கொஞ்சம் நல்ல ஆளா பிடிச்சுப் பேச வெச்சிருக்கலாம்" என்றார். சொன்னபோது ரொம்ப நாள் கழித்து நெஞ்சு லேசானது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு. போன பிறகுதான் தெரிந்தது, நிகழ்ச்சியைக் கேட்பதற்காகவே மனைவி எல்லாரையும் கூட்டியிருக்கிறாள் என்று. மாமியார், தங்கை, சகலை எல்லாரும் கூடத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "சத்தமா வைடி, மாப்பிள்ளை பேசறார்" என்றார் மாமியார். கிரீச்சார் வெற்றிலைக்குப் போகிறேன், வண்டியைப் பார்க்கிறேன் என்று இரண்டு முறை எழுந்தார். இரண்டு முறையும் உட்காரவைத்துவிட்டார்கள்.

பதின்மூன்று காலடி வந்தபோது சகலை கை தட்டினார். அடுத்தது வந்தது. 'உயிரே இல்லாத குரல், அக்கறையே இல்லாத குரல்' என்று அவருடைய கனத்த குரல் கூடம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு வந்த பாட்டை மாமியார்தான் எழுந்து நிறுத்தினார்.

"அண்ணா கண்டுபிடிச்சுட்டார் பாருங்க!" என்றார் சகலை. அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. "ஒரே 'உம்'தான் அண்ணா. வேற யாருக்கும் தெரியல."

தங்கைக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. "அத்தான், நிஜமாவே உங்களுக்கு அது யார் குரல்னு தெரியலையா?"

"விடு, வேண்டாம்" என்றார் சகலை.

"என்ன வேண்டாம்? ரேடியோவுலயே சொல்லிட்டார்ல!" தங்கை போனை எடுத்துத் தேடி, மேஜைமேல் வைத்தாள்.

போனில் அவருடைய மனைவியின் குரல். எப்போதோ தங்கைக்கு அனுப்பிய செய்தி. 'குழாய் ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கன்னு இவர்கிட்ட நாலு நாளா சொல்றேன்டி. இப்ப பாரு வேடிக்கையை. என்னங்க! வீடு தீப்பிடிச்சிருச்சுங்க!' கொஞ்சம் தள்ளி, ஹெட்போன் போட்ட மனுஷனின் பதில்: 'உம்.' அப்புறம் அவளுடைய சிரிப்பு.

இருபத்திரண்டு வருஷம் சத்தத்திலேயே வாழ்ந்தவர். எந்தக் கதவு எந்தப் படத்தில் கேட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன்னுடைய 'உம்'மை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"இவங்க எல்லாரும் அதைக் கேட்டுச் சிரிச்சாங்க அண்ணா" என்றார் சகலை. "எனக்கு மட்டும் சிரிப்பு வரல. அதே மாதிரி நானும் சொல்றேன்ல, கடையிலிருந்து வந்ததும்? அதிலிருந்துதான் கதையே. அண்ணிகிட்ட கேட்டுத்தான் எடுத்துக்கிட்டேன். கடைசில ஓடற டைட்டில்ல உங்க பேரும் இருக்கு. நீங்கதான் அதுக்குள்ள எழுந்து போயிட்டீங்க."

கிரீச்சார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். மனைவி பின்னாலேயே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. அங்கேதான் வெடித்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? உன் தங்கச்சிக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், உங்கம்மாவுக்குத் தெரியும். என் வீட்டு விஷயம் எனக்குத்தான் தெரியாது!"

"உங்ககிட்ட சொல்லாமலா? மூணு தடவை சொன்னேன். தம்பி படத்துல உங்க குரலைப் போடப்போறார், சரியான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் இரண்டு காதையும் ஹெட்போன் மாதிரி உள்ளங்கையால் மூடிக் காட்டினாள்.

அவர் கேட்டார், குரல் இறங்கிப்போய்: "அது நான்தான்னு உனக்குத் தெரியும். அப்புறம் ஏன் அலறின?"

"வீட்டுல கேக்கும்போது உங்க முதுகாவது தெரியும்" என்றாள். "அங்க நாற்காலி காலியா இருந்தது."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். ஜன்னல் பக்கம் அவள். இரண்டு நிறுத்தம் போனது.

"உங்களுக்குப் பயமே வராதா?" என்றாள். "இத்தனை வருஷத்துல நீங்க எதுக்காவது பயந்து நான் பார்த்ததில்ல."

கிரீச்சார் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஜம்பமாக எதையாவது சொல்லிவிடலாம். ஆனால் அன்றைக்கு அவரிடம் ஜம்பம் மிச்சமில்லை.

"உனக்கு ஆபரேஷன் ஆச்சே, எட்டு வருஷம் முன்னாடி. அஞ்சு மணி நேரம். தாழ்வாரத்துல உட்கார்ந்திருந்தேன். எதிர்ல ஒரு லிஃப்ட். டாக்டர் அதுலதான் வருவார்னு சொல்லியிருந்தாங்க. அது தானா வந்து நிக்கும். கதவு திறக்கும். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. மூடிக்கும். மறுபடி மேல போகும். முப்பது தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் யாரோ வந்து, காப்பாத்த முடியலன்னு சொல்லப்போறாங்கன்னு..." நிறுத்தினார். "அந்தச் சத்தம் போகவே இல்ல. அப்புறம் அதை ஒரு படத்துல வெச்சேன்."

"எந்தப் படத்துல?"

"ஏழாவது. ஆஸ்பத்திரிப் பேய்."

அவள் திரும்பி அவரை முழுசாகப் பார்த்தாள். "அந்த டைரக்டருக்கு இது தெரியுமா?"

"சீன் எழுதும்போது சொன்னேன்."

"மிக்சிங்காரருக்கு?"

"அவர் கூடத்தான உட்கார்ந்து பண்ணினேன்."

"உங்களுக்கு டீ வாங்கித் தர்றவருக்கு?"

கிரீச்சார் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பொடியாக்கினார்.

"ஊர் பூரா டிக்கெட் வாங்கிக் கேட்டிருக்கு" என்றாள் அவள். மூக்கு விடைத்திருந்தது. "எனக்காகப் பயந்ததை எனக்குச் சொல்லணும்னு தோணல. அந்தத் தாடிக்கார டைரக்டர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க. அவர்தான் உங்களுக்கு உசத்தி."

அவளுக்கு அப்படி ஒரு முகம் இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணாடியில் ஒரு வாரமாகத் தினமும் தான் பார்த்துக்கொண்டிருந்த அதே பொறாமை முகம். சிரித்துவிடுவோமோ என்று பயந்து எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒற்றைச் சொல்லில். அதற்குள் கிரீச்சார் கண்ணாடிக்கடைக்குப் போய்வந்தார். சகலை அவரைப் பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்தார். நியாயமாகப் பார்த்தால் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "அடுத்த படத்துல குழாய்ச் சத்தத்தை இன்னும் பக்கத்துல வெக்கணும் தம்பி, தண்ணி நம்ம தோள்மேல சொட்டணும்" என்றார். சகலை உடனே நோட்டைத் தேடினார். கடையில் வரிசையாக மாட்டியிருந்த பத்திரிகை விமர்சனங்களைக் கிரீச்சார் ஒரு பார்வை பார்த்தார், எரிச்சல் அங்கேயேதான் இருந்தது. ஆனாலும் அடுத்த படத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் மதியம், மருந்துக்கடைக்கு விடுமுறை. அந்த ஏழாவது படத்தைப் போடச் சொன்னாள். லிஃப்ட் வருகிற இடத்துக்கு நேராகப் போகச் சொன்னாள். அவருடைய ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். கதவு திறந்தது, மூடியது. ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, பயமாயிருந்தது என்றும் சொல்லவில்லை.

"அன்னைக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் கிரீச்சார். "நீ கண்ணு முழிச்சு என்னைத் திட்டினதுக்கு அப்புறம்தான் போய்ச் சாப்பிட்டேன்."